கல்பாசிக்கு யார் கணக்கு எழுதுவது?

செட்டிநாட்டுக் குழம்பு கொதிக்கும்போது ஒரு வாசனை வருமே... பட்டை வாசனை இல்லை, கிராம்பு வாசனையும் இல்லை. மழை விட்டபிறகு பழைய மரத்தடியில் நின்றால் மூக்கில் ஏறுமே, அந்த மாதிரி ஒரு வாசம். காரணம் கல்பாசி. மளிகைக் கடையில் கேட்டால், கறுப்பும் சாம்பலுமாகக் காய்ந்த சருகு மாதிரி ஒன்றைப் பொட்டலம் கட்டித் தருவார்கள். அது இலையா? இல்லை. பூவா? வட இந்தியாவில் 'கல் பூ' என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் பூவும் இல்லை. பெயரிலேயே பாசி இருக்கிறதே என்பீர்கள். பாதி சரி.

கல்பாசி ஒரு லைக்கன். அதாவது, ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து நடத்துகிற கூட்டுக் குடித்தனம். பூஞ்சை வீடு கட்டுகிறது, ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. பாசி, சூரிய வெளிச்சத்தை வைத்துச் சமைத்துப் போடுகிறது. வேர் கிடையாது. தண்ணீர், உப்பு எல்லாமே காற்றிலிருந்தும் மழையிலிருந்தும்தான். வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர் வளர்ந்தால் பெரிய விஷயம். அவ்வளவு நிதானம்.

இப்படி ஒரு குடித்தனம் நடக்கிறது என்று சைமன் ஷ்வெண்டனர் என்கிற ஸ்விட்சர்லாந்துக்காரர் 1867-ல் சொன்னபோது, லைக்கன் நிபுணர்களே அவரை அடிக்க வராத குறை. ஆயுள் முழுக்க உட்கார்ந்து படித்தது ஒரு தனி உயிரே இல்லை என்றால் கோபம் வராதா? எதிர்த்தவர்களில் முக்கியமானவர், பாரிஸில் வாழ்ந்த பின்லாந்துக்காரர் வில்லியம் நைலாண்டர். 1899-ல் சாகிற வரைக்கும் அவர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆள் பிடிவாதக்காரர். ஆனால் வேறொரு காரியம் செய்தார். அதற்காகவே இந்தக் கட்டுரையில் அவருக்கு இடம் உண்டு.

*

சென்னையிலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டில் தெற்கே வாருங்கள். தாம்பரம், வண்டலூர், கூடுவாஞ்சேரி, பொத்தேரி. அதைத் தாண்டினால் மறைமலை நகர். தனித்தமிழ் இயக்கத்தின் மறைமலையடிகள் பெயரில், சென்னையின் நெரிசலைக் குறைக்கத் திட்டம் போட்டு உண்டாக்கிய துணை நகரம்.

இந்தப் பக்கத்து சரித்திரத்தைத் தேதிவாரியாகச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு வந்தது எப்போது? 1937. வண்டலூரில் மிருகக்காட்சி சாலை திறந்தது? 1985. மறைமலை நகருக்கு ஃபோர்ட் கார் தொழிற்சாலை வந்தது 1990-களில், அங்கே கார் தயாரிப்பு நின்றுபோனது 2022-ல். எல்லாவற்றுக்கும் ஃபைல் இருக்கிறது.

ரயில் பாதை ஓரத்துப் பனைமரத்தில் வெள்ளையும் சாம்பலுமாகத் திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கிறதே, அது எப்போது வந்தது? தொழிற்சாலைகள் வருவதற்கு முன் எத்தனை வகை இருந்தது? இப்போது எத்தனை? ஐப்பசி மழையில் ஏரிக்கரையில் முளைக்கிற குடைகளில் எது எது தாத்தா காலத்திலிருந்து வருகிறது, எது புதுசு? இதற்கெல்லாம் ஃபைல் போட யாருக்கும் தோன்றுவதில்லை.

நான் படித்தது பி.காம். முதல் வருஷத்திலேயே மண்டையில் ஏற்றுகிற பாடம் ஒன்று உண்டு. ஓபனிங் ஸ்டாக். வருஷ ஆரம்பத்தில் கையில் என்ன சரக்கு இருந்தது என்று தெரியாவிட்டால், வருஷக் கடைசியில் லாபமா நஷ்டமா என்று பிரம்மா வந்தாலும் சொல்ல முடியாது. கடையில் கொள்ளையே போயிருந்தாலும் என்ன போயிற்று என்று தெரியாது. பூஞ்சை, லைக்கன் விஷயத்தில் நம் ஊர்களின் நிலைமை அதுதான்.

இதில் அப்படி என்ன நஷ்டம் வந்துவிடப் போகிறது என்று கேட்கலாம். நைலாண்டரைக் கூப்பிடுவோம்.

*

1866-ல் அவர் ஒரு விஷயத்தை எழுதினார். பாரிஸில் லக்ஸம்பர்க் தோட்டம் என்று ஒன்று உண்டு. அங்கே இருக்கிற மரங்களில் லைக்கன் நிறைய இருக்கிறது. ஊரின் மற்ற இடங்களில் காணோம். ஏன்? தோட்டத்துக் காற்று சுத்தம். அவ்வளவுதான் விஷயம். காற்று கெட்டால் முதலில் மூட்டை கட்டுவது லைக்கன். வேர் இல்லாததால் காற்றில் வருவதை எல்லாம் அப்படியே உறிஞ்சிக்கொள்ளும், வடிகட்டத் தெரியாது. முக்கியமாக, நிலக்கரிப் புகையில் வரும் கந்தக டை ஆக்ஸைடு அதற்கு ஆகவே ஆகாது. லண்டன் மாதிரி நகரங்களில் ஒரு காலத்தில் காணாமல் போன லைக்கன்கள், கந்தகம் குறைந்தபிறகு மெதுவாகத் திரும்பி வந்திருக்கின்றன. மெஷின் இல்லாமல், கரன்ட் இல்லாமல் மரப்பட்டையில் ஓடுகிற மீட்டர் அது.

அதே நைலாண்டருக்கு கல்கத்தாவிலிருந்து ஒரு பார்சல் போனது. அங்கே தாவரவியல் தோட்டத்தில் வேலை பார்த்த குர்ஸ் என்கிற ஜெர்மானியர் சேகரித்த லைக்கன்கள். நைலாண்டர் 1860-களில் அவற்றைப் பட்டியல் போட்டு அச்சிட்டார். படிக்க ஒரு சுவாரசியமும் இல்லாத லத்தீன் பட்டியல்.

சுமார் 140 வருஷம் ஓடியது. 2005-ல் லக்னோவில் உள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்காரர்கள், 'கரன்ட் சயின்ஸ்' பத்திரிகையில் ஒரு கேள்வி எழுப்பினார்கள். கொல்கத்தாவில் லைக்கன் இன்னும் வளர்கிறதா? அந்த 'இன்னும்' என்கிற வார்த்தையைக் கவனியுங்கள். பழைய பட்டியல் ஒன்று கையில் இருந்ததால்தான் அந்த வார்த்தையைப் போட முடிந்தது. கொல்கத்தாவுக்கு ஓபனிங் ஸ்டாக் இருக்கிறது.

சரி, நம் பக்கத்தில் யாருமே எதுவுமே எழுதவில்லையா? எழுதினார்கள். அந்தக் கதை தரங்கம்பாடியில் ஆரம்பிக்கிறது.

*

1768-ல் தரங்கம்பாடியில் ஒரு டாக்டர் வந்து இறங்கினார். டேனிஷ் மிஷனுக்கு வைத்தியம் பார்க்க வந்தவர். பெயர் ஜொஹான் ஜெரார்ட் கோனிக். உயிரினங்களுக்கெல்லாம் இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநிறுத்திய ஸ்வீடன் நாட்டு லின்னேயஸின் மாணவர். நோயாளிகளைப் பார்த்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் கண்ணில் பட்ட செடி, கொடி, பூச்சி, புழு எல்லாவற்றையும் பொறுக்கிக் காய வைத்து, குருவுக்கும் கோபன்ஹேகனுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார்.

லின்னேயஸ் 1771-ல் வெளியிட்ட ஒரு புத்தகத்தில் நம் கறிவேப்பிலைக்கு இவருடைய பெயரையே வைத்துவிட்டார். பெர்கெரா கோனிகி. நடுவில் ரொம்ப காலம் முர்ராயா கோனிகி என்று மாற்றி வைத்திருந்தார்கள். முன்பாதி எப்படி மாறினாலும் கோனிக் மட்டும் மாறவில்லை. ரசத்தில் மிதக்கிற கறிவேப்பிலையை எடுத்து ஓரமாக வைக்கிறோமே, அது ஒரு தரங்கம்பாடி டாக்டரின் பெயர்!

அதே 1771 புத்தகத்தில், கோனிக் இந்தியாவிலிருந்து அனுப்பிய ஒரு காளானும் இருக்கிறது. மணல் தரையில் குச்சி மாதிரி எழும்பி, தலையில் திறக்காத குல்லா போட்ட காளான். இன்றைக்கு அதற்குப் பெயர் போடாக்ஸிஸ் பிஸ்டில்லாரிஸ். இந்தியக் காளான்களில் விஞ்ஞானப் பெயர் வாங்கிய மிகப் பழைய ஆசாமிகளில் ஒருத்தர்.

கோனிக் அதோடு விடவில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் கரையான் புற்றுகளை வெட்டிப் பார்த்தார். உள்ளே என்ன இருக்கிறது? தேன்கூடு மாதிரி துளைத் துளையாக ஒரு பொருள், அதன்மேல் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. கரையான் உள்ளே தோட்டம் போட்டுப் பயிர் செய்கிறது. இதை அவர் 1779-ல் எழுதி வெளியிட்டார். கூடவே, ஊர் ஜனங்கள் ஈசல் பிடிக்கிற டெக்னிக்கையும் எழுதி வைத்தார். புற்றில் இரண்டு ஓட்டை. ஒரு பக்கம் புகை போடுவது, மறு பக்கம் பானையை வைப்பது. ஈசல் மொத்தமும் பானைக்குள். பிறகு மாவோடு சேர்த்துப் பலகாரம். கிராமத்துப் பெரியவர்களைக் கேட்டால் இன்றைக்கும் நாக்கைச் சப்புக் கொட்டுவார்கள்.

மழை பெய்ததும் அந்தப் புற்றிலிருந்து கிளம்புவதுதான் புற்றுக்காளான். நம் ஆட்களுக்குக் காலம் காலமாகத் தெரிந்த ருசி. ஆனால் விஞ்ஞான ரேஷன் கார்டில் பெயர் ஏறினால்தானே கணக்கு? இலங்கையில் பேராதனைத் தோட்டத்தில் இருந்த டாம் பெட்ச் 1906-ல் கரையான் தோட்டத்தை விரிவாக ஆராய்ந்து எழுதினார். பிரான்சின் ரோஜே ஹைம் 1942-ல் இந்தக் காளான்களுக்கென்றே 'டெர்மிடோமைசிஸ்' என்று ஒரு பேரினம் உண்டாக்கினார். தென்னிந்தியப் புற்றுக்காளான் ஒன்றுக்கு, சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன், டெர்மிடோமைசிஸ் ஹைமி என்று பெயர் சூட்டினார். வருஷம்? 1979.

கோனிக் எழுதியது 1779. இது 1979. கரெக்டாக 200 வருஷம்! ஏழைக் குடியானவன் வீட்டுச் சட்டியில் தினசரி கொதித்த ஒன்றுக்குப் பெயர் கிடைக்க இரண்டு நூற்றாண்டு.

*

லைக்கனுக்கு வருவோம். அந்தக் கதை புதுச்சேரிப் பக்கம். பிரெஞ்சுக்காரர்கள் அங்கே தாவரவியல் தோட்டம் போட்டபோது, அந்த வேலைக்காக வந்தவர் பெலான்ஜே. அவர் 1830-களில் பெயர் சூட்டிய ஒரு லைக்கன், ரோக்கெல்லா மொந்தாஞி. நம் கிழக்குக் கடற்கரையோரத்து மரங்களில் சாம்பல் நிற ரிப்பன் மாதிரி தொங்குவது. பிளஸ் ஒன் கெமிஸ்ட்ரி லேபில் லிட்மஸ் பேப்பரை முக்கி, சிவப்பா நீலமா என்று பார்த்திருப்பீர்களே... அந்த லிட்மஸ் சாயத்தை எடுத்ததே ரோக்கெல்லா வகையறா லைக்கன்களிலிருந்துதான்.

பெயரில் இருக்கிற மொந்தாஞ் யார்? கமில் மொந்தாஞ், பிரெஞ்சு ராணுவ டாக்டர். பெரோட்டே என்கிற சேகரிப்பாளர் நீலகிரியில் பொறுக்கி அனுப்பியதை எல்லாம் பாரிஸில் உட்கார்ந்து ஆராய்ந்து, 1842-ல் நீலகிரியின் பூவாத் தாவரங்கள் என்று பட்டியல் போட்டவர். பூஞ்சை, லைக்கன், பாசி எல்லாமே அன்றைக்குத் தாவரக் கணக்கில்தான் சேர்த்தி.

பிரச்னை என்னவென்றால், சரக்கு நம்முடையது, பீரோ அவர்களுடையது. கோபன்ஹேகன், பாரிஸ், லண்டன் என்று எல்லாம் கப்பல் ஏறிப் போய்விட்டன. நீலகிரி லைக்கனைப் பார்க்க நம்மூர் மாணவன் பாரிஸுக்கு டிக்கெட் எடுக்கணும்.

பட்டியல் போடுவதெல்லாம் டாக்டர்களின் பொழுதுபோக்கு என்று இருந்த காலத்தில், ஒரு பூஞ்சை வந்து எல்லோரையும் உலுக்கியது. 1869. இலங்கையின் காப்பித் தோட்டங்களில் இலைக்கு அடியில் ஆரஞ்சு நிறப் பொடி. பேராதனைத் தோட்டத்தின் த்வெய்ட்ஸ், இலையை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பெர்க்லி என்கிற பாதிரியார் பார்த்துவிட்டு, இது இதுவரை பெயரே இல்லாத பூஞ்சை என்று சொல்லி 'ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்' என்று பெயர் வைத்தார். பெயர் வைத்தாகிவிட்டது. ஆனால் எப்படிப் பரவும், எப்போது பரவும் ஒன்றும் தெரியாது. அதை ஆராய மார்ஷல் வார்டு என்கிற இளைஞர் வந்து சேர 1880 ஆகிவிட்டது. அதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது. இருபது வருஷத்துக்குள் இலங்கைக் காப்பி கிட்டத்தட்ட காலி. பிறகு வந்ததுதான் தேயிலை.

அந்தக் காப்பித் தோட்டங்களில் வேலை செய்தது யார்? தென் மாவட்டங்களிலிருந்து பஞ்சம் பிழைக்கக் கால்நடையாகப் போன தமிழர்கள். காப்பிக்குப் பருவத்துக்குப் பருவம் போய்த் திரும்பினால் போதும். தேயிலைக்கு வருஷம் பூரா ஆள் வேண்டும். குடும்பம் குடும்பமாக அங்கேயே தங்கினார்கள். மலையகத் தமிழரின் ஒரு நூற்றாண்டுத் தலையெழுத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சைக்கும் பங்கு இருக்கிறது.

அடி வாங்கிய பிறகுதான் அரசாங்கம் முழித்துக்கொண்டது. 1901-ல் எட்வின் பட்லர் என்கிற ஐரிஷ் டாக்டர் இந்தியாவுக்கு வந்தார். பூஞ்சைகளைச் சேகரித்துப் பத்திரப்படுத்த பூசாவில் ஓர் உலர் காப்பகம் ஆரம்பித்தார். பிறகு அது டெல்லிக்கு இடம் மாறியது. அவரும் பிஸ்பியும் சேர்ந்து 1931-ல் வெளியிட்ட 'இந்தியாவின் பூஞ்சைகள்' பட்டியல்தான் நாடு முழுமைக்குமான முதல் பெரிய ஓபனிங் ஸ்டாக்.

*

நம் சென்னைக்கு வருவோம். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு குரு பரம்பரை இருந்தது. முதலில் பாசி நிபுணர் எம்.ஓ.பி. ஐயங்கார். அவருக்குப் பிறகு டி.எஸ். சதாசிவன். அவருடைய மாணவர் சி.வி. சுப்பிரமணியன்.

சுப்பிரமணியனின் வேட்டைக்காடு எது தெரியுமா? காய்ந்த சுள்ளி. உதிர்ந்த இலை. மக்கிய பனையோலை. நாம் கூட்டிப் பெருக்கிக் கொளுத்துகிற குப்பைதான். 1950-களில் சென்னையில் கிடைத்த நுண்பூஞ்சைகளைப் பற்றி வரிசையாக ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதினார். அதில் பல, உலகத்துக்கே புதியவை. பெயர் வைத்ததில்தான் அவருடைய குறும்பு. கிரேக்கமும் லத்தீனும் கோலோச்சிய இடத்தில் த்வயபீஜா (இரட்டை விதை), த்வயமாலா (இரட்டை மாலை), குடிலகேசா (சுருட்டை முடி), வக்ரபீஜா (வளைந்த விதை) என்று சம்ஸ்கிருதத்தைக் கொண்டுவந்து இறக்கினார். குருமார்களையும் விடவில்லை. ஐயங்காருக்கு ஒரு 'ஐயங்காரினா', சதாசிவனுக்கு ஒரு 'சதாசிவானியா'. மறைமலையடிகள் 1950-லேயே காலமாகிவிட்டார். இருந்திருந்தால், ஏனய்யா தமிழில் வைக்கவில்லை என்று நிச்சயம் சண்டைக்குப் போயிருப்பார்.

1971-ல் சுப்பிரமணியன் எழுதிய 'ஹைபோமைசீட்ஸ்' என்கிற பெரிய புத்தகம் வந்தது. 1973-ல் இந்தியப் பூஞ்சையியல் சங்கம் பிறந்தது. சங்கத்தின் பத்திரிகைக்குப் பெயர் 'கவகா'. சம்ஸ்கிருதத்தில் காளான். 2016-ல் அவர் மறைந்தபோது வயது 91. எத்தனை தினசரிகளில் எத்தனை வரி வந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பட்டியல் போட்டு என்ன கிடைக்கும் என்பவர்களுக்கு ஒரு சாம்பிள். 1974-ல் மேற்கு வங்கத்தில் ஒரு வெள்ளைக் காளானுக்குப் பெயர் சூட்டினார்கள். கேலோசைப் இண்டிகா. வெறும் பட்டியலில் ஒரு வரி. அதைத்தான் கோவை வேளாண் பல்கலைக்கழகம் நம்மூர் வெயிலுக்குத் தாங்குகிற பயிராக்கி, 1998-ல் ஏபிகே-2 என்ற ரகத்தை வெளியிட்டது. இன்றைக்கு அதற்குப் பெயர் பால் காளான். கீற்றுக் கொட்டகையில் வைக்கோலை வைத்துக்கொண்டு எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கின்றன.

*

அப்புறம் என்ன, எல்லாம் செய்தாகிவிட்டதே என்று தோன்றும். இல்லை. உலகத்தில் 22 லட்சத்திலிருந்து 38 லட்சம் பூஞ்சை வகைகள் இருக்கலாம் என்று 2017-ல் ஒரு மதிப்பீடு வந்தது. பெயர் வைத்து முடித்தது சுமார் ஒன்றரை லட்சம்தான். நூற்றுக்குப் பத்துகூட இல்லை.

இதில் இன்னொரு ஓரவஞ்சனை உண்டு. ஆராய்ச்சியாளர்கள் மலைக்குப் போகிற அளவு சமவெளிக்கு வருவதில்லை. நீலகிரி, பழனி, கொல்லிமலை என்றால் கிளம்பிவிடுவார்கள். ஈரம், குளிர், வகை வகையாகச் சரக்கு. அது நியாயம்தான். வண்டலூர்க் காட்டுப் புதரும் மறைமலை நகர் ஏரிக்கரையும் யாருக்கு வேண்டும்? ஆனால் வேகமாக மாறிக்கொண்டிருப்பது எது? மலையைவிட இந்தப் பக்கம்தான். ரோடு அகலமாகும்போதெல்லாம் ஓரத்து மரங்கள் போகின்றன. மரம் போனால் பட்டையில் பத்து இருபது வருஷமாகக் குடியிருந்தவரும் போகிறார். போனவர் யார் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

இது வெறும் வருத்தப்படுகிற சமாச்சாரம் இல்லை. ஆபத்தும் இருக்கிறது. மழைக்குப் பிறகு புல்தரையில் வெள்ளை வெளேரென்று, பார்க்கவே ஆசையாக ஒரு பெரிய குடை முளைக்கும். நாலு நாளில் குடைக்கு அடியில் இருக்கிற மடிப்புகள் பச்சையாக மாறும். குளோரோஃபில்லம் என்கிற வகை. விஷம். தின்றால் வாந்தியும் பேதியும் புரட்டி எடுத்துவிடும். கிராமத்தில் பாட்டிகளுக்கு எதை எடுக்கணும், எதை விடணும் என்று தெரியும். பத்து ஊரிலிருந்து பிழைக்க வந்து வாடகைக்கு இருக்கிற ஒரு நகரத்தில் எந்தப் பாட்டியைக் கேட்பது? அந்த அறிவு எழுத்தில் இருந்தாக வேண்டும். (அதனால், தெரியாத காளானில் கையை வைக்காதீர்கள். பார்க்கலாம், படம் எடுக்கலாம். சமைக்கக் கூடாது.)

விஞ்ஞானிகள் வந்து செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கோனிக் யார்? வைத்தியம் பார்க்க வந்தவர். பெர்க்லி ஒரு பாதிரியார். கோனிக்கை அடுத்துத் தரங்கம்பாடிக்கு வந்து செடி சேர்த்த ராட்லர் ஒரு மிஷனரி. தமிழ்-ஆங்கில அகராதி ஒன்றைத் தொகுத்தவரும் அவரேதான். வார்த்தையைச் சேகரித்த அதே கையால் இலையையும் சேகரித்தார். அவர்களிடம் இருந்தது மூன்றே பழக்கம். எங்கே பார்த்தேன், என்றைக்குப் பார்த்தேன், எதன்மேல் பார்த்தேன். இந்த மூன்றையும் எழுதி வைத்தார்கள். பெயர் தெரியாவிட்டாலும் எழுதி வைத்தார்கள். பெயர் சொல்கிறவன் 200 வருஷம் கழித்துக்கூட வருவான்.

மறைமலை நகரில் பள்ளிகள் இருக்கின்றன, பக்கத்திலேயே கல்லூரிகள் இருக்கின்றன. எல்லோர் கையிலும் கேமரா வைத்த போன் இருக்கிறது. ஒரு தெருவுக்குப் பத்து மரம். வேம்பு, தென்னை, பனை, புளி, எதுவாக இருந்தாலும் சரி. பட்டையில் இருக்கிற திட்டுக்குப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து ஒரு படம். தேதி, தெரு, மரத்தின் பெயர். மழைக்காலத்தில் ஒரு தடவை, கோடையில் ஒரு தடவை. சுரண்ட வேண்டாம், பிடுங்க வேண்டாம். ஒரு நீள நோட்டில் எழுதி, பள்ளிக்கூட பீரோவில் வைத்துப் பூட்டினால் போதும்.

ஐம்பது வருஷம் கழித்து யாரோ ஒரு பெண் வந்து, மறைமலை நகரில் லைக்கன் இன்னும் வளர்கிறதா என்று கேட்பாள். அவள் அந்த 'இன்னும்' என்ற வார்த்தையைப் போட வேண்டுமென்றால், அந்த நோட்டு பீரோவில் இருக்க வேண்டும்.